ஹவாய் விடுமுறையில் அந்த ஊர்ப் பாரம்பரியச் சாப்பாட்டை நீங்களே சமைப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

ஹவாய்க்குப் போகிறவர்களில் நிறையப் பேர் ஒருநாள் மாலை லூவாவ் விருந்துக்கு டிக்கெட் எடுத்து, ஹுலா நடனம் பார்த்துக்கொண்டே பஃபே வரிசையில் ஒரு கரண்டி பன்றி இறைச்சி, ஓரமாக ஒரு கரண்டி போயி வாங்கி, போயியை மட்டும் தனியாக நக்கிப் பார்த்துவிட்டு, "இதுல ஒண்ணுமே இல்லையே" என்று தட்டைத் தள்ளிவிடுகிறார்கள். எனக்கு இது ரொம்பவே வருத்தம் தரும் விஷயம். சேப்பங்கிழங்கை வேகவைத்து இடித்து, தண்ணீர் விட்டுக் கரைத்த கூழ்தான் போயி. நம் சாப்பாட்டில் சோறு எப்படியோ அவர்கள் சாப்பாட்டில் போயி அப்படி. வெறும் சோற்றை மட்டும் தின்று பார்த்து தமிழ்ச் சமையலுக்கு மார்க் போட முடியாது இல்லையா? மற்ற பதார்த்தங்களெல்லாம் ஏன் அவ்வளவு உப்பாக, புகை வாசத்தோடு, கொழுப்போடு இருக்கின்றன என்பதற்குக் காரணமே பக்கத்தில் போயி இருப்பதுதான்.

அதனால் இந்த வழிகாட்டி ஒரு முழுச் சாப்பாட்டுக்கானது. வாடகைக்கு எடுத்த வீட்டின் சமையலறையில், ஆறு பேருக்கு, குழி தோண்டாமல், இரண்டு நாளில் ஆற அமரச் செய்யலாம்.

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிக்கொள்வோம். அந்தத் தீவுகளில் ஹவாயன் என்றால் அங்கே ஆதியிலிருந்து வாழும் மக்களைத்தான் குறிக்கும். ஹவாயன் ஃபுட் என்றால் அவர்களுடைய சாப்பாடு. ஸ்பாம் முசுபி, லோகோ மோகோ, மக்ரோனி சாலட் வைத்த பிளேட் லஞ்ச் எல்லாம் கரும்புத் தோட்டக் காலத்திலும் அதற்கப்புறமும் ஜப்பான், சீனா, பிலிப்பைன்ஸ், போர்ச்சுகல் என்று பல ஊர்க்காரர்கள் கலந்து உருவானவை. அவற்றை லோக்கல் ஃபுட் என்பார்கள். அதுவும் அருமைதான், ஆனால் இங்கே பேசப்போவது முதல் வகையைப் பற்றி.

வீடு பிடிக்கும்போதே பார்க்க வேண்டியவை

ஹொனலூலுவின் வைகிகி கடற்கரைப் பக்கம் சின்ன ஸ்டுடியோ அறைகளில் "சமையலறை உண்டு" என்று போட்டிருப்பார்கள். போய்ப் பார்த்தால் ஒரு மைக்ரோவேவும் இரண்டு மின்னடுப்பும்தான் இருக்கும். புகைப்படத்தில் ஓவன் தெரிகிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ஸ்லோ குக்கரோ மின்சார பிரஷர் குக்கரோ இருக்கிறதா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள், இரண்டில் ஒன்று இருந்தால் போதும். மூடியுள்ள பெரிய பானையும் அதற்குள் நிற்கும் ஆவித்தட்டும் கட்டாயம் வேண்டும். ரைஸ் குக்கர் பெரும்பாலும் இருக்கும், அது இல்லாத வீடு ஹவாயில் அபூர்வம். வாடகை வீட்டுக் கத்திகளை நம்ப முடியாது, அதனால் செக்-இன் பெட்டியில் நல்ல கத்தி ஒன்றை உறை போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

சமைப்பதற்கு முன் ஒருமுறை வெளியே சாப்பிடுங்கள்

நாக்குக்குத் தெரியாத சுவையைக் கை தேடிக் கண்டுபிடிக்காது. ஹொனலூலுவில் 1946 முதல் நடக்கும் ஹெலனாஸ் ஹவாயன் ஃபுட், 1947-ல் வைபாஹுவில் தொடங்கிய ஹைவே இன், இரண்டில் எதற்காவது போய் காலுவா (புகை வாசத்தோடு வெந்து நார்நாராகப் பிரியும் பன்றி இறைச்சி), லாவ்லாவ் (சேப்ப இலையில் பொதிந்து ஆவியில் வேகவைத்த இறைச்சி), லோமி சால்மன் (உப்பிட்ட சால்மனும் தக்காளியும் பிசறியது), போயி எல்லாம் சேர்ந்த ஒரு செட் வாங்குங்கள். ஒரு கவளம் உப்பு இறைச்சி, உடனே ஒரு விரல் போயி என்று மாற்றி மாற்றிச் சாப்பிடுங்கள். இறைச்சியில் உப்பு எவ்வளவு, புகை எவ்வளவு, இலை எந்த அளவுக்குக் குழைந்திருக்கிறது என்று கவனியுங்கள். உங்கள் சமையலுக்கு அதுதான் அளவுகோல்.

எதை எங்கே வாங்குவது

ஃபுட்லேண்ட் தீவு மக்கள் வழக்கமாகப் போகும் சூப்பர் மார்க்கெட். மீனுக்கும் போக்கேவுக்கும் (உப்பு போட்டுப் பிசறிய பச்சை மீன் துண்டுகள்) பெயர் போனது. இலவச உறுப்பினர் கணக்கு தொடங்கினால் விலை நன்றாகவே குறையும், வெளியூர்க்காரர்களும் தொடங்கலாம். பெரிய தீவு என்று அழைக்கப்படும் ஹவாய் தீவில் இருந்தால் கே.டி.ஏ. கடைகள், மீனுக்கு ஹீலோவில் சூயிசான். ஹொனலூலுவில் கலிஹி பகுதியின் தமஷிரோ மார்க்கெட்டில் மீன், கடற்பாசி, லாவ்லாவ் சாமான் எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும். ஹொனலூலுவில் சனிக்கிழமை காலை டைமண்ட் ஹெட் அடிவாரத்தில் நடக்கும் உழவர் சந்தைக்கும் சீக்கிரமே போய்விடுங்கள், தாமதித்தால் நல்லது தீர்ந்துவிடும்.

வாங்க வேண்டியவை: எலும்பில்லாத பன்றித் தோள்பட்டை சுமார் 2.6 கிலோ (2 கிலோ காலுவாவுக்கு, மீதி லாவ்லாவுக்கு. பாக்கெட்டில் போர்க் பட் என்று எழுதியிருக்கும், ஆனால் தோள்பட்டைக் கறிதான்), கல்லுப்பு, லிக்விட் ஸ்மோக் (புகை வாசம் தரும் திரவம்) பாட்டில், சேப்ப இலை 36 (லூவாவ் இலை என்று கேளுங்கள்), டி இலை 20 (இது தேயிலை இல்லை, நீளமாக வழவழவென்று இருக்கும் கட்டுவதற்கான இலை, சாப்பிடுவதற்கில்லை), உப்பிட்ட பட்டர்ஃபிஷ் (கொழுப்பான ஒரு கடல் மீன்) கால் கிலோ, சால்மன் கால் கிலோ, ஆஹி என்ற சூரை மீன் அரைக் கிலோ, போயி இரண்டு பை, தேங்காய்ப்பால் டின், கார்ன்ஸ்டார்ச், தக்காளி, மாவுயி வெங்காயம் (மாவுயி தீவில் விளையும், காரம் குறைந்த வெங்காயம்), வெங்காயத்தாள்.

உப்பைப் பற்றி ஒரு வார்த்தை. சிவப்பு எரிமலை மண் கலந்த அலாயா உப்பு கடைகளில் கிடைக்கும், அதையே வாங்கலாம், சாதாரண வெள்ளைக் கடலுப்புக் கல்லும் போதும். கவாயி தீவின் ஹனபேபேயில் சில குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகப் பாத்தி கட்டி உப்பு எடுக்கிறார்கள். அதை அவர்கள் விற்பதில்லை, தெரிந்தவர்களுக்குக் கொடுப்பார்கள், அவ்வளவுதான். யாராவது உங்களுக்கு ஒரு பிடி கொடுத்தால் அது பெரிய மரியாதை.

முதல் நாள் இரவு: காலுவா

பாரம்பரிய முறையில் இமு என்ற குழியில் விறகு எரித்து, கற்களைப் பழுக்கக் காய்ச்சி, வாழைத்தண்டும் இலைகளும் பரப்பி, முழுப் பன்றியை வைத்து மண் மூடி மணிக்கணக்கில் விட்டுவிடுவார்கள். வாடகை வீட்டுத் தோட்டத்திலோ கடற்கரையிலோ இதை முயற்சிக்காதீர்கள். பெரும்பாலான கடற்கரைகளில் தீ மூட்டவே அனுமதி கிடையாது. குழியில் என்ன நடக்கிறது என்று பார்த்தால், உப்பு, இலை, புகை, ஈரமான வெப்பம், நிறைய நேரம். இந்த ஐந்தையும் ஓவனிலேயே கொண்டுவந்துவிடலாம்.

2 கிலோ இறைச்சியை எல்லாப் பக்கமும் கத்தியால் ஒரு அங்குல ஆழத்துக்குக் கீறுங்கள். ஒன்றரை மேசைக்கரண்டி கல்லுப்பை அந்தக் கீறல்களுக்குள் போகும்படி அழுத்தித் தேயுங்கள். ஒரு மேசைக்கரண்டி லிக்விட் ஸ்மோக் ஊற்றித் தடவுங்கள். கடையில் ஹிக்கரி, மெஸ்கீட் என்று இரண்டு வகை இருந்தால் மெஸ்கீட்டை எடுங்கள். ஹவாயில் இமுவுக்கு அதிகம் பயன்படுவது கியாவே மரம், அதுவும் மெஸ்கீட்டும் ஒரே இனம். நம்மூர்க் கண்மாய்க் கரைகளில் மண்டிக் கிடக்கும் சீமைக்கருவேலமும் அதே இனம்தான், அதன் கரியில் கறி சுட்டுப் பார்த்தவர்களுக்கு அந்த வாசம் சட்டென்று பிடிபடும்.

மிளகு, பூண்டு, மசாலா எதுவும் வேண்டாம். கை அரிக்கும், தெரியும், ஆனாலும் போடாதீர்கள்.

டி இலை எட்டு விரித்து அதில் இறைச்சியைப் பொதிந்து (வாழை இலையும் சரி, வாசம் நன்றாக வரும்), மேலே அலுமினியம் ஃபாயிலால் இறுக்கமாகச் சுற்றி, ஆழமான தட்டில் வைத்து ஒன்றரைக் கப் தண்ணீர் ஊற்றி, 325 டிகிரி ஃபாரன்ஹீட்டில், அதாவது சுமார் 160 டிகிரி செல்சியஸில், ஐந்து மணி நேரம் விடுங்கள். ஸ்லோ குக்கரானால் லோ-வில் 10 முதல் 12 மணி நேரம். படுக்கப் போகும்முன் போட்டுவிட்டால் காலையில் வீடே மணக்கும். பிரஷர் குக்கரில் நான்கைந்து துண்டாக வெட்டி ஒரு கப் தண்ணீரோடு 90 நிமிடம், பிறகு அழுத்தம் தானாக அடங்கும்வரை மூடியைத் தொடாதீர்கள்.

முள்கரண்டியைக் குத்தித் திருப்பினால் இறைச்சி நார்நாராகப் பிரிய வேண்டும். எதிர்த்து நின்றால் இன்னும் ஒரு மணி நேரம். எல்லாவற்றையும் பிய்த்து, வடிந்திருக்கும் சாற்றில் மேலே மிதக்கும் கொழுப்பைக் கொஞ்சம் எடுத்துவிட்டு, மீதிச் சாற்றைக் கறி ஈரமாகும்வரை ஊற்றிப் பிசறுங்கள். உப்பு பார்ப்பது இந்தக் கட்டத்தில்தான். தனியாகத் தின்னும்போது கொஞ்சம் தூக்கலாகத் தெரிந்தால் போயிக்குச் சரியாக இருக்கும்.

பன்றி சாப்பிடாதவர்கள் வான்கோழித் தொடை அல்லது தோலோடு கோழித் தொடையை இதே முறையில் செய்யலாம். அங்கேயும் நன்றி நவிலும் நாளுக்குக் காலுவா வான்கோழி செய்கிறவர்கள் உண்டு. கோழிக்கு இரண்டரை மணி நேரம் தாராளம்.

அதே இரவு இன்னும் இரண்டு வேலை

சால்மனை இரண்டு மேசைக்கரண்டி கல்லுப்பால் இருபுறமும் மூடி ஃப்ரிட்ஜில் வையுங்கள். வேகவைக்காமல் சாப்பிடப்போவதால், பச்சையாகச் சாப்பிடத் தகுந்தது என்று உறையவைத்து விற்கப்படும் சால்மனையே வாங்க வேண்டும். ஒரு இரவு உப்பில் கிடந்தால் புழுக்கிருமி செத்துவிடும் என்று நினைக்காதீர்கள், முறையாக உறையவைத்தால்தான் சாகும்.

அடுத்து ஹாவ்பியா, தேங்காய்ப்பால் இனிப்பு. 400 மி.லி. டின் ஒன்று, தண்ணீர் முக்கால் கப், சர்க்கரை ஆறு மேசைக்கரண்டி, கார்ன்ஸ்டார்ச் ஐந்து மேசைக்கரண்டி, ஒரு சிட்டிகை உப்பு. மாவைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து வைத்துக்கொண்டு, பாலையும் சர்க்கரையையும் மிதமான தீயில் சூடாக்கி, கரைசலை ஊற்றிக் கிண்டிக்கொண்டே இருங்கள். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்காது, பிறகு திடீரென்று அடியிலிருந்து கெட்டியாகும், அந்த நேரத்தில் கையை நிறுத்தினால் கட்டி தட்டிவிடும். கெட்டியான பிறகும் குறைந்த தீயில் மூன்று நிமிடம் கிண்டினால்தான் மாவின் பச்சை வாடை போகும். சதுரத் தட்டை ஈரமாக்கி ஊற்றி, ஆறியதும் ஃப்ரிட்ஜில். மறுநாள் சதுரம் சதுரமாக வெட்டலாம். அந்தக் காலத்தில் பியா என்ற கிழங்கின் மாவில் செய்தார்கள், இப்போது பெரும்பாலும் கார்ன்ஸ்டார்ச்தான்.

இரண்டாம் நாள் மதியம்: லாவ்லாவ்

மொத்தச் சாப்பாட்டிலும் பொறுமை அதிகம் கேட்பது இதுதான். செய்யும்போது எனக்கு அதிக சந்தோஷம் தருவதும் இதுதான்.

சேப்ப இலையில் கால்சியம் ஆக்சலேட் ஊசிப் படிகங்கள் இருக்கின்றன. சரியாக வேகாவிட்டால் தொண்டையைக் குத்தும், நமைச்சல் எடுக்கும். சேப்பங்கிழங்கு நறுக்கிக் கை அரித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டாம், அதே செடிதான். இலைக்காம்பை வெட்டிவிடுங்கள், பின்பக்கம் தடித்த நரம்பைக் கத்தியால் சீவிவிடுங்கள். ஓடும் தண்ணீரில் ஒவ்வொரு இலையையும் தனித்தனியாக இருபுறமும் கழுவுங்கள். ஹவாயில் நத்தைகள் வழியாக எலி நுரையீரல் புழு என்ற ஒட்டுண்ணி பரவுகிறது, கீரை எதுவானாலும் அப்படித்தான் கழுவ வேண்டும், குறிப்பாகப் பச்சையாகச் சாப்பிடும் சாலட் இலைகளை.

டி இலையின் நடுநரம்பு விறைப்பாக இருக்கும், அப்படியே மடித்தால் இலை கிழியும். இலையைக் குப்புறப் போட்டு, நடுப்பகுதியில் நரம்பின் மேல்பாதியை மட்டும் கத்தியால் லேசாகக் கீறி, நகத்தால் கிளப்பி, காம்பு நோக்கி உரித்துக்கொண்டே வாருங்கள். இலை கிழியாமல் நரம்பு மட்டும் வரும், உடனே இலை துவண்டு வசத்துக்கு வந்துவிடும்.

உள்ளங்கையில் பெரிய சேப்ப இலை கீழே, சின்னது மேலே என்று ஆறு அடுக்குங்கள். நடுவில் பன்றித் துண்டு நூறு கிராம் (கொழுப்பு கட்டாயம் இருக்கட்டும், இலை வழுவழுப்பாவது அதனால்தான்), ஒரு துண்டு பட்டர்ஃபிஷ், இறைச்சிக்கு மட்டும் ஒரு சிட்டிகை உப்பு. மீன் ஏற்கெனவே உப்பில் ஊறியது. நான்கு பக்கமும் மடித்து உருண்டையாக்கி, ஒரு டி இலையில் சுற்றி, இன்னொரு டி இலையை அதற்குக் குறுக்காகச் சுற்றி, நூலால் கட்டுங்கள். ஆறு பொட்டலம் வரும்.

ஆவித்தட்டில் அடுக்கி நான்கு மணி நேரம். தண்ணீர் வற்ற வற்றக் கொதிநீரை ஊற்றுங்கள், பச்சைத் தண்ணீர் ஊற்றினால் ஆவி நின்றுபோகும். பிரஷர் குக்கரில் ஒன்றேகால் மணி நேரம். ஒன்றை மட்டும் பிரித்துப் பாருங்கள். இலை பச்சை மாறி, கறுத்த ஆலிவ் நிறத்துக்கு வந்து, கரண்டியின் ஓரத்தால் தொட்டாலே அறுபட வேண்டும், அடுக்குகள் தனித்தனியாகத் தெரியக் கூடாது. நுனி நாக்கில் வைத்துக் குத்தல் இருந்தால் மறுபடி கட்டி இன்னும் ஒரு மணி நேரம் வையுங்கள்.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு இதே இலையிலேயே வழி இருக்கிறது. நறுக்கி, ஒரு மணி நேரத்துக்கு மேல் வேகவைத்து, நடுவில் ஒருமுறை தண்ணீரை மாற்றி, வடித்து, தேங்காய்ப்பாலும் உப்பும் ஒரு சிட்டிகை சர்க்கரையும் சேர்த்துக் கொதிக்கவிட்டால், அவர்கள் கணவாய் போட்டுச் செய்யும் லூவாவ், கணவாய் இல்லாமல் தயார். உலு என்ற கறிப்பலா, நம் ஈழத்து ஆட்கள் ஈரப்பலாக்காய் என்பது, அதையும் சந்தையில் வாங்கி முழுசாக கிரில்லில் வைத்து, தோல் கருகக் கருகச் சுட்டுப் பிளந்து உப்பு தூவிச் சாப்பிடலாம்.

மாலை: லோமி சால்மன், போக்கே

சால்மனின் உப்பைக் கழுவி, குளிர்ந்த நீரில் ஒரு மணி நேரம், நடுவில் தண்ணீர் மாற்றி ஊறவையுங்கள். துடைத்துப் பொடியாக நறுக்கி, விதை நீக்கிய தக்காளி நான்கு, மாவுயி வெங்காயம் ஒன்று, வெங்காயத்தாள் இரண்டு தண்டு, எல்லாம் அதே அளவில் நறுக்கிக் கையால் மெதுவாகப் பிசறுங்கள். பரிமாறும்வரை ஜில்லென்று இருக்க வேண்டும், மேலே நொறுக்கிய ஐஸ் கொஞ்சம் போடலாம். சால்மன் அந்தக் கடலில் கிடைக்கும் மீனே இல்லை. 19-ம் நூற்றாண்டில் வியாபாரக் கப்பல்கள் கொண்டுவந்த உப்பு மீன் அப்படியே அவர்கள் சாப்பாட்டில் நிலைத்துவிட்டது.

போக்கேவுக்கு மீனை அன்றைக்கே வாங்குங்கள், ஐஸ் போட்ட பையில் கொண்டு வாருங்கள். லேபிளில் ஏற்கெனவே உறையவைத்தது என்று இருக்கிறதா, புதியதா என்று போட்டிருக்கும், புதியதையே எடுங்கள். 2 செ.மீ. துண்டுகள், ஒரு தேக்கரண்டி கல்லுப்பு, பொடியாக நறுக்கிய லிமு என்ற கடற்பாசி ஒரு சிறு பிடி, இனாமோனா ஒரு தேக்கரண்டி, ஒரு சின்ன மிளகாய். இனாமோனா என்பது குக்குயிக் கொட்டையை வறுத்து உப்போடு இடித்தது. தயாராக வாங்குங்கள், பச்சைக் குக்குயிக் கொட்டையைப் பொறுக்கி வந்து முயன்றால் வயிற்றைக் கலக்கிவிடும். கிடைக்காவிட்டால் வறுத்த மக்கடாமியாவை உப்போடு இடித்துக்கொள்ளலாம். சோயா சாஸ், நல்லெண்ணெய் பின்னால் வந்த சேர்க்கை, தப்பில்லை, ஆனால் ஒருமுறையாவது அவை இல்லாமல் சாப்பிட்டுப் பாருங்கள், மீனின் ருசி தெரியும். கலந்ததும் மேசைக்குப் போக வேண்டும். கர்ப்பிணிகளும் சின்னக் குழந்தைகளும் இந்த இரண்டு பச்சை மீன் பதார்த்தங்களையும் தவிர்த்துவிடட்டும்.

போயி

பையிலிருந்து பாத்திரத்தில் பிழிந்து, கையை நனைத்துக்கொண்டு, தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்துப் பிசையுங்கள். ஒரு விரலால் எடுத்தால் நிற்கும் அளவு கெட்டி, இரண்டு விரல், மூன்று விரல் என்று பதத்தை அவர்களே விரல் கணக்கில்தான் சொல்வார்கள். முதல்முறை சாப்பிடுகிறவர்களுக்கு இரண்டு விரல் பதம் வசதி. கட்டியில்லாமல் ஆனதும் மேலே மெல்லிசாகத் தண்ணீர் ஊற்றிவிட்டால் ஏடு கட்டாது. ஃப்ரிட்ஜில் வைத்தால் இறுகிவிடும். வெளியே வைத்தால் ஒரு நாளில் புளிக்க ஆரம்பிக்கும், ஊர்க்காரர்களில் பலர் அந்தப் புளிப்பைத்தான் விரும்புகிறார்கள். இரண்டு பை வாங்கச் சொன்னது அதற்காகவும்தான். ஒன்றை அன்றே பிரியுங்கள், ஒன்றை மறுநாளைக்கு விடுங்கள்.

ஓவாஹு தீவில் இருந்தால் வயாஹோலே போயி ஃபாக்டரிக்கு ஒருமுறை வண்டியை விடுங்கள். கையால் இடித்த போயி அங்கே கிடைக்கும், பையில் வருவதற்கும் அதற்கும் வித்தியாசம் பெரியது. கையால் இடித்ததைச் சுகாதார விதிகளின் சிக்கல் இல்லாமல் விற்க வழிசெய்யும் சட்டமே 2011-ல்தான் வந்தது, அதற்காகப் போராடியவர்கள் நிறையப் பேர்.

ஹவாய் மக்களின் வம்சக் கதையில், உயிரில்லாமல் பிறந்த முதல் குழந்தையைப் புதைத்த இடத்தில் முளைத்ததுதான் சேப்பஞ்செடி. அதன் பிறகு பிறந்த தம்பி ஹாலோவா, அவன் வழி வந்தவர்கள்தான் இந்த மக்கள். அதாவது சேம்பு அவர்களுக்கு மூத்த அண்ணன். அதனால் போயிப் பாத்திரம் திறந்திருக்கும்போது சண்டை, கடுமையான பேச்சு கூடாது என்பது வழக்கம். அந்த ஊர்க்காரர் யாராவது உங்களோடு சாப்பிட உட்கார்ந்தால் இதை நினைவில் வையுங்கள். முகத்தைச் சுளித்துக்கொண்டு "பசை மாதிரி இருக்கு" என்று சொல்வது அவர்களை எவ்வளவு புண்படுத்தும் என்பதும் புரியும்.

எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மேசையில் வையுங்கள், ஒவ்வொருவருக்கும் ஒரு கிண்ணம் போயி. பக்கத்தில் பச்சை வெங்காயத் துண்டுகளும் கல்லுப்பும், காரம் வேண்டுமென்றால் மிளகாய், பூண்டு, உப்பு, கொஞ்சம் வினிகர் போட்டு ஊறிய மிளகாய்த் தண்ணீரும். லாவ்லாவைப் பிரித்ததும் டி இலையை ஒதுக்கிவிட்டு உள்ளே இருப்பதை மட்டும் சாப்பிட வேண்டும் என்று குழந்தைகளுக்குச் சொல்லிவிடுங்கள்.

செய்யக் கூடாதவை

தங்கும் விடுதித் தோட்டத்தில் சேம்பு போலவே பெரிய இலையோடு அலங்காரச் செடிகள் இருக்கும், அவற்றைப் பறிக்காதீர்கள், சில வகை எவ்வளவு வெந்தாலும் அரிப்பு போகாது. ஹனலேய், வைபியோ பள்ளத்தாக்குகளின் சேப்ப வயல்கள் யாரோ ஒரு குடும்பத்தின் உழைப்பு, வரப்பில் இறங்கிப் படம் எடுக்கவும் கூடாது. ஓபிஹி என்ற பாறைச் சிப்பியை நீங்களே போய்ப் பெயர்க்க நினைக்கவே வேண்டாம். அலை அடிக்கும் பாறை விளிம்பில்தான் அது ஒட்டியிருக்கும், அதை எடுக்கப் போய் உள்ளூர்க்காரர்களே உயிரை விட்டிருக்கிறார்கள்.

மிஞ்சிய காலுவாவை மறுநாள் நறுக்கிய முட்டைக்கோஸோடு வதக்கினால் காலைச் சாப்பாடு முடிந்தது, முட்டை ஒன்று பொரித்து மேலே வைத்தால் இன்னும் நல்லது. மிஞ்சிய லாவ்லாவைக் கட்டோடு உறையவைத்து, ஊர் திரும்பும் முன் ஆவியில் சூடாக்கிச் சாப்பிட்டுவிடுங்கள். அமெரிக்கப் பெருநிலத்துக்குக் கிளம்பும்போது விமான நிலையத்தில் விவசாயத் துறைப் பரிசோதனை உண்டு, பழம் காய்களில் பலவற்றை அங்கே எடுத்துவிடுவார்கள். அலாயா உப்புப் பொட்டலத்துக்கு அந்தத் தொல்லை இல்லை.